ஹெலிக்கோனியாவா, சொர்க்கப்பறவையா? இருப்பதோ ஒரே பாத்தி

நிழல்வலை
வணக்கம். சுற்றுச்சுவரை ஒட்டி பத்தடி நீளம், மூன்றடி அகலத்தில் ஒரு பாத்தி காலியாகக் கிடக்கிறது. கிழக்கு பார்த்த இடம். காலை வெயில் நன்றாக விழும், மதியத்துக்குப் பிறகு சுவர் நிழல் வந்துவிடும். மண் களிமண் வகை. வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடம் என்பதால் பூ பெரிதாகவும் நல்ல நிறமாகவும் இருக்க வேண்டும் என்று ஆசை. ஹெலிக்கோனியா, சொர்க்கப்பறவை இரண்டில் ஒன்று என்பது வரை வந்துவிட்டேன். படத்தில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் தெரிகின்றன. வளர்த்தவர்கள் சொல்லுங்கள், எதை வைக்கலாம்?

பசுந்தாள்
ஹெலிக்கோனியா. யோசிக்கவே வேண்டாம். நட்டுவிட்டுத் தண்ணீர் விட்டால் போதும், அது பாட்டுக்கு வரும்.

வாழைக்கட்டை
பசுந்தாள், அது பாட்டுக்கு வரும் என்பதுதான் அதன் நல்ல குணமும் கெட்ட குணமும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

நிழல்வலை, முதலில் இரண்டையும் பிரித்துப் பார்த்துவிடுங்கள். இரண்டும் இஞ்சி, வாழை, கல்வாழை எல்லாம் அடங்கிய ஒரே வரிசையைச் சேர்ந்தவை. ஒரு காலத்தில் இரண்டையுமே வாழைக் குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். இப்போது தனித்தனிக் குடும்பங்கள். ஹெலிக்கோனியாவில் ஏறக்குறைய 200 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை மத்திய, தென் அமெரிக்க மழைக்காடுகளைச் சேர்ந்தவை, கொஞ்சம் பசிபிக் தீவுகளிலும் இருக்கின்றன. சொர்க்கப்பறவையான ஸ்ட்ரெலிட்சியாவில் மொத்தமே ஐந்து இனங்கள்தான், எல்லாம் ஆப்பிரிக்காவின் தென்பகுதி. நாம் பேசும் ஆரஞ்சு, நீலப் பூக்காரி ஸ்ட்ரெலிட்சியா ரெஜினே. அது தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கடலோரப் புதர்களிலும் ஆற்றங்கரைகளிலும் வளர்வது.

இந்தப் பூர்வீகத்தை மனதில் வைத்துக்கொண்டாலே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். ஒன்றுக்கு எப்போதும் ஈரமும் வெதுவெதுப்பும் வேண்டும். மற்றதற்குக் காய்ந்து காய்ந்து நனையும் மண்ணும், இரவில் கொஞ்சம் குளிர்ச்சியும் வேண்டும்.

பூவும் வேறு. ஹெலிக்கோனியாவில் சிவப்பும் மஞ்சளுமாக நாம் ரசிப்பது பூ இல்லை, மடல். உண்மையான பூ அந்த மடலுக்குள் சின்னதாக ஒளிந்திருக்கும், ஒரு நாளில் வாடிவிடும். மடல் மட்டும் வாரக்கணக்கில் நிறம் மாறாமல் நிற்கும். சொர்க்கப்பறவையில் நேர் எதிர். மடல் பச்சையாக, பறவையின் அலகு மாதிரி படுத்திருக்கும். அதிலிருந்து கொண்டையாக எழும் ஆரஞ்சுப் பகுதியும் நீல அம்பும்தான் பூ. ஒரு அலகுக்குள் பல பூக்கள் இருக்கும், ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும்.

செம்மண்
வாழைக்கட்டை சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'சொர்க்கப்பறவை' என்று எழுதிக் கொடுத்தால் ஆரஞ்சுப் பூ வரும் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். ஸ்ட்ரெலிட்சியா நிகோலாய் என்று ஒன்று இருக்கிறது. வெள்ளையும் கருநீலமுமாகப் பூக்கும், வாழை மரம் போல இருபது அடிக்கு மேல் போகும். சின்னக் கன்றாகத் தொட்டியில் இருக்கும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும். ரெஜினேயின் இலை குறுகலாக, விறைப்பாக, சாம்பல் பூத்த பச்சையில் இருக்கும். நிகோலாயின் இலை அகலம், மெலிது, காற்றில் கிழியும். சுவர் ஓரத்துக்கு நிகோலாய் வேண்டவே வேண்டாம், அதன் வேர் சுவரையும் குழாயையும் பதம் பார்க்கும்.

மண்புழு
ஹெலிக்கோனியாவிலும் அதே கதைதான். எந்த ஹெலிக்கோனியா என்று கேட்காமல் "ஹெலிக்கோனியா வையுங்கள்" என்று சொல்வது "நாய் வளருங்கள்" என்று சொல்வது போல. முழங்கால் உயரத்தில் நிற்பதும் உண்டு, பதினைந்து அடி தாண்டுவதும் உண்டு.

மூன்றடி அகலத்தை மனதில் வைத்து மூன்றைப் பார்ப்போம்:

சிட்டாகோரம். மெலிந்த தண்டு, பஞ்சவர்ணக்கிளி நிறம், இடுப்பு முதல் தோள் உயரம். வெப்பப் பகுதிகளில் கிட்டத்தட்ட ஆண்டு முழுக்கப் பூக்கும். பரவலாகக் கிடைக்கும் 'கோல்டன் டார்ச்' இதன் கலப்பினம்தான். குறை என்ன என்றால், கிழங்கு ஓடும். நட்ட இடத்தில் நிற்காது. பாத்தியை விட்டு வெளியே வந்து தலைகாட்டும்.

ஸ்ட்ரிக்டா, அதிலும் 'ட்வார்ஃப் ஜமைக்கன்' மாதிரி குட்டை வகை. இரண்டு மூன்று அடிதான் வளரும். கொத்தாக நிற்கும், அவ்வளவாக ஓடாது. அரை நிழலையும் தாங்கும். பகல் குறுகும் பருவத்தில்தான் பூக்கும், எனவே வருடம் முழுவதும் எதிர்பார்க்கக் கூடாது.

ரொஸ்ட்ராட்டா. தலைகீழாகத் தொங்கும் சிவப்பும் மஞ்சளும். பொலிவியாவின் தேசிய மலர்களில் ஒன்று. படத்தில் எல்லோரையும் மயக்குவது இதுதான். ஆனால் எளிதாக ஆள் உயரம் தாண்டும், பக்கவாட்டிலும் விரியும். மூன்றடிப் பாத்தியில் இதை வைத்தால் சீக்கிரமே பாத்தி அதற்குப் போதாது. தொங்கும் பூவை எட்டிப் பார்க்கவும் இடம் வேண்டுமே.

பசுந்தாள்
ஓடும் கிழங்கு ஒரு பிரச்சினையா? மண்வெட்டியால் ஓரத்தை வெட்டிவிட்டால் முடிந்தது. பத்தடி நீளப் பாத்தி என்கிறார். ஓடி நிரப்பட்டுமே, அதுதானே வேண்டும். சொர்க்கப்பறவையை வைத்துவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட இது மேல்.

செம்மண்
பசுந்தாள் எழுதியது: "இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட"

இலையே அழகுதான் சார். ஹெலிக்கோனியா இலை கொஞ்சம் காற்றடித்தாலும் கந்தலாகிவிடும், ஓரம் காய்ந்து பழுப்பாகிவிடும். ரெஜினே இலை தோல் மாதிரி தடிமன். பூ இல்லாத மாதங்களிலும் பாத்தி நன்றாகத் தெரியும். அப்புறம், ஹெலிக்கோனியாவில் பூத்த தண்டு மறுபடி பூக்காது, வாழை மாதிரியே. பூ முடிந்ததும் அடியோடு வெட்டி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் காய்ந்த தண்டுகள் குவிந்து புதர் போலாகிவிடும். அந்த வேலையை யார் பார்ப்பது?

வாழைக்கட்டை
வெட்டுவதில் ஒரு எச்சரிக்கை. பூத்த தண்டை மட்டுமே வெட்டுங்கள். எல்லாவற்றையும் சுத்தமாக ஒரே மட்டமாக வெட்டிவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. ரொஸ்ட்ராட்டா போன்ற பெரிய இனங்களில் ஒரு தண்டு முதிர்ந்து பூக்கப் பல மாதங்கள் ஆகும். இடையில் வெட்டினால் அந்தப் பருவத்துப் பூ போச்சு. "என் செடி பூக்கவே இல்லை" என்று வரும் புகார்களில் இது ஒரு பெரிய காரணம்.

சொர்க்கப்பறவை பூக்காததற்குக் காரணங்கள் வேறு. வயது, வெப்பம், நிழல், அடிக்கடி பிடுங்கி நடுவது.

வயது: விதையிலிருந்து வளர்த்தால் முதல் பூவுக்குக் குறைந்தது மூன்று முதல் ஐந்து ஆண்டுகள், சில சமயம் அதற்கும் மேல். பக்கக் கன்று பிரித்து நட்டால் சீக்கிரம் வரும். ஆனால் பிரித்த அதிர்ச்சியிலிருந்து மீள அதுவும் ஒன்றிரண்டு வருடம் எடுத்துக்கொள்ளும். மஞ்சள் பூ பூக்கும் 'மண்டேலாஸ் கோல்ட்' என்ற ரகத்தைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன்பாஷ் தாவரவியல் தோட்டத்தில் கையால் மகரந்தம் சேர்த்து, விதை எடுத்து, போதுமான செடிகளைப் பெருக்கவே ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆனது. 1996ல்தான் மண்டேலாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். அவசரக்காரர்களுக்கான செடி இல்லை இது.

வெப்பம்: இதை விற்பவர்கள் சொல்லவே மாட்டார்கள். ரெஜினே வெப்பமண்டலச் செடி என்று பேர் வாங்கியிருந்தாலும் உள்ளபடி மிதவெப்பப் பகுதிச் செடி. கடும் வெப்பத்தில் உருவாகும் பூங்கதிர் உள்ளேயே கருகி வெளியே வராமல் போகும். இரவும் புழுங்குகிற தாழ்நிலங்களில் இலை செழிப்பாக இருக்கும், பூ அபூர்வம். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1952ல் இதைத் தன் அதிகாரபூர்வ மலராக அறிவித்தது. அங்கே கோடை வறண்டது, இரவு குளிர்ந்தது. அங்கே சாலையோரமெல்லாம் பூத்துத் தள்ளுகிறது என்பதற்காக ஈரப்புழுக்கமான ஊரிலும் அப்படியே பூக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

தொட்டிக்காரி
இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு, அண்ணா. நானும் வெப்பமான இடத்தில்தான் இருக்கிறேன். என் சொர்க்கப்பறவை தொட்டியில் பூக்கிறது. குளிர்ந்த மாதங்களில் நன்றாக, கோடையில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் கவனித்தவரை தொட்டியில் வேர் நெருக்கமாக இருந்தால்தான் அதற்குப் பிடிக்கிறது. பெரிய தொட்டிக்கு மாற்றினால் அந்த வருடம் பூவை மறந்துவிட வேண்டியதுதான். இன்னொன்று, இதில் பூத்தண்டு இலைக் கக்கத்திலிருந்துதான் வரும். ஒரு இலைக்கு ஒரு பூத்தண்டு என்பது அதிகபட்சக் கணக்கு. எனவே இலை எண்ணிக்கை கூடினால்தான் பூ கூடும். "பூ வரவில்லையே" என்று இலைகளைக் கழித்துவிடுகிறவர்கள் வருகிற பூவையும் சேர்த்துக் கழிக்கிறார்கள்.

வெயிலில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. குறைந்தது அரை நாள் நேரடி வெயில் வேண்டும். நிழல்வலை சொல்லும் இடத்தில் காலை வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது என்று தெரிந்தால் நல்லது.

வாழைக்கட்டை
தொட்டிக்காரி சொல்வது சரிதான். குளிர்ந்த மாதம் என்று ஒன்று இருக்கிற ஊரில் பூக்கும். அது இல்லாத ஊர்களைத்தான் நான் சொன்னேன். நிழல்வலை, உங்கள் ஊரில் இரவுகள் எப்படி?

நிழல்வலை
எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. ஆண்டு முழுக்கப் புழுக்கம்தான், குளிர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வெயில் காலை ஆறரையிலிருந்து பதினொன்றரை வரை. கனமழை பெய்தால் அந்தப் பாத்தியில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கும். இன்னொன்றும் சொல்ல மறந்துவிட்டேன். வீட்டில் பூனை இருக்கிறது, கண்டதையும் கடிக்கும்.

செம்மண்
ஒரு நாள் தண்ணீர் நிற்கும் என்றால் என் வாக்கை மாற்றிக்கொள்கிறேன். சொர்க்கப்பறவையின் வேர் தடித்த சதை வேர். அதில் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்வதால்தான் வறட்சியைத் தாங்குகிறது. அதே வேர் தேங்கிய நீரில் அழுகிவிடும். அழுக ஆரம்பித்தது வெளியே தெரிவதற்குள் பாதிச் செடி போயிருக்கும். அதே பாத்தியில்தான் வைப்பேன் என்றால் ஒரு அடி மேடாக்கி, மணலும் மக்கிய உரமும் கலந்து நட வேண்டும்.

ஹெலிக்கோனியா ஈரத்தை விரும்பும். அதற்காகத் தேங்கிய நீரில் நாள்கணக்கில் விடவும் முடியாது, ஆனால் ஒரு நாள் இரண்டு நாள் பெரும்பாலானவை சமாளிக்கும்.

மண்புழு
பூனைக்கு: சொர்க்கப்பறவையின் விதையும் காயும் நாய், பூனைகளுக்கு ஆகாது. வாந்தி, சோர்வு வரும். உயிருக்கு ஆபத்தானது என்று பயமுறுத்தவில்லை. ஆனால் கண்டதையும் கடிக்கும் பூனை என்றால் யோசியுங்கள், வாடிய பூவைக் காய் பிடிக்க விடாமல் வெட்டிவிடுங்கள். கையால் மகரந்தம் சேர்க்காவிட்டால் பெரும்பாலும் காய் பிடிக்காது என்பது வேறு விஷயம். ஹெலிக்கோனியா பொதுவாக நச்சில்லாதது.

ஆனால் ஹெலிக்கோனியாவுக்கு வேறு ஒரு தொல்லை உண்டு, அதை யாரும் இன்னும் சொல்லவில்லை. கொசு. நிமிர்ந்து நிற்கும் மடல் உள்ள இனங்களில் மழைநீர் மடலுக்குள் தேங்கும். காட்டில் அந்தச் சின்னக் குளத்துக்குள்ளேயே வாழ்க்கை நடத்தும் கொசுப் புழுக்களும் பூச்சிப் புழுக்களும் உண்டு. வீட்டு வாசலில் அது வேண்டாம். பிஹாய், கரிபேயா, வாக்னேரியானா எல்லாம் அகலமான கிண்ண மடல்கள். ஸ்ட்ரிக்டாவும் கொஞ்சம் அப்படித்தான், இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை குழாயால் பீய்ச்சி அடித்து நீரை வெளியேற்றுங்கள். சிட்டாகோரத்தின் மடல் ஒல்லி, அதிகம் பிடிக்காது. தொங்கும் வகைகளில் இந்தப் பேச்சே இல்லை.

இலைப்பேன்
சம்பந்தம் இல்லாத விஷயம்தான், சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு செடியும் பறவையை நம்பியே பூக்கின்றன, ஆனால் எவ்வளவு வேறு வேறு வழி! சொர்க்கப்பறவையின் நீல அம்பின் மேல் பறவை வந்து உட்கார்ந்ததும் அதன் எடையில் அம்பு விரிந்து, உள்ளே இருக்கும் மகரந்தம் காலில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூவுக்குக் காலோடு போகும். நீங்களே விரலால் அழுத்திப் பாருங்கள், திறப்பது தெரியும்.

ஹெலிக்கோனியாவுக்கு அமெரிக்காவில் ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்). கரீபியத் தீவான செயின்ட் லூசியாவில் ஒரே இனச் சிட்டில் ஆணுக்கு ஒரு ஹெலிக்கோனியா, பெண்ணுக்கு வேறு ஹெலிக்கோனியா. பெண்ணின் அலகு நீளமாக, அதிகம் வளைந்திருக்கும். அது போகும் பிஹாயின் பூவும் அப்படியே நீண்டு வளைந்தது. ஆணின் அலகு குட்டை, அது காவல் காக்கும் கரிபேயாவின் பூவும் குட்டை. பசிபிக் தீவு இனங்களில் சிலவற்றுக்கு வௌவால்தான் வேலை செய்கிறது. அவற்றின் மடல் பச்சையாகவே இருக்கும், இரவில் வருகிறவனுக்கு எதற்குச் சிவப்பு?

இன்னொன்று. சொர்க்கப்பறவை விதையின் தலையில் ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு மாதிரி ஒரு குடுமி இருக்கும். அந்த நிறத்துக்குக் காரணம் பிலிருபின். மஞ்சள் காமாலையில் கண்ணை மஞ்சளாக்குகிற அதே பொருள். விலங்குகளில் மட்டும்தான் உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2009ல் நிகோலாய் விதையில் கண்டுபிடித்தார்கள்.

மட்டுறுத்துநர்
இலைப்பேன், அருமை. இருந்தாலும் பாத்திக்குத் திரும்புவோமா?

தொட்டிக்காரி
வெட்டிக் குவளையில் வைப்பீர்களா, நிழல்வலை? வைப்பீர்கள் என்றால் அதையும் கணக்கில் எடுங்கள். ஹெலிக்கோனியாவை வெட்டிய பிறகு மடல் மேற்கொண்டு விரியாது. எவ்வளவு விரிந்த நிலையில் வெட்டுகிறோமோ அவ்வளவுதான். குளிர்பதனப் பெட்டியில் வைக்கவே கூடாது, கறுத்துவிடும். சொர்க்கப்பறவையை முதல் பூ எட்டிப் பார்க்கும்போதே வெட்டலாம். முதல் பூ வாடியதும் அலகை லேசாகப் பிளந்து அடுத்ததை விரலால் வெளியே தூக்கிவிடலாம்.

பசுந்தாள்
ஆக நான் முதலிலேயே சொன்னதுதான்.

வாழைக்கட்டை
சொன்னீர்கள், காரணத்தைச் சொல்லவில்லை :)

நிழல்வலை, புழுக்கமான இரவு, கனத்த மண், அரை நாள் வெயில், பூனை. நான்கும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. தரையில் ஹெலிக்கோனியா. சொர்க்கப்பறவை மேல் இருக்கும் ஆசைக்கு மட்டும் ஒரே ஒரு தொட்டி, வெயில் நாள் முழுக்க விழும் இடத்தில், பூனை எட்டாத உயரத்தில். அதில் பூ வந்தால் வரவு, வராவிட்டால் இலை இருக்கிறது.

நிழல்வலை
சரி, அப்படியே செய்கிறேன். முன்வரிசையில் குட்டை ஸ்ட்ரிக்டா, பின்னால் சுவரை ஒட்டி சிட்டாகோரம் என்று நினைக்கிறேன். ஓடும் கிழங்கைத் தடுக்க என்ன வழி? களிமண்ணை எப்படிச் சரி செய்வது?

மண்புழு
கிழங்கு ஆழமாக ஓடாது, மேல்மண்ணிலேயேதான் ஓடும். பாத்தியின் வெளி ஓரத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்குத் தகரமோ தடித்த பிளாஸ்டிக் தகடோ புதைத்துவிடுங்கள், மேலே இரண்டு அங்குலம் தெரிய வேண்டும். இரண்டு வரிசைக்கும் நடுவிலும் ஒரு தகடு போடுங்கள். இல்லாவிட்டால் சிட்டாகோரம் ஸ்ட்ரிக்டாவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மண்ணுக்கு மக்கிய தொழு உரமும் இலைமட்கும் தாராளமாகக் கலந்து பாத்தியை அரையடியாவது உயர்த்துங்கள். கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள மண்தான் இதற்குப் பிடிக்கும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணாக இருந்தால் இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும், அது இரும்புச் சத்துக் குறைவு. சுவர்ப் பூச்சு உதிர்ந்து விழும் ஓரத்தில் இது அதிகம் வரும், எனவே பழைய காரை, சிமெண்ட் துண்டு எல்லாவற்றையும் முதலில் பொறுக்கி எடுத்துவிடுங்கள். முதிர்ந்த இலையின் ஓரம் மஞ்சளானால் மெக்னீசியம் குறைவு. மேலே மூடாக்கு மூன்று அங்குலம் இருக்கட்டும்.

வாழைக்கட்டை
நடும் ஆழத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹெலிக்கோனியாக் கிழங்கை இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் படுக்கவைத்து, பழைய தண்டின் அடித்துண்டு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி மூடுங்கள். புதிய முளை வரும்வரை ஈரம் போதும், சொதசொதவென்று விட்டால் கிழங்கு அழுகும். உரத்தை முதல் இரண்டு இலை விரிந்த பிறகு ஆரம்பியுங்கள். சொர்க்கப்பறவையைத் தொட்டியில் வைக்கும்போது வேர்க்கழுத்து, அதாவது வேரும் தண்டும் சேரும் இடம், மண்ணுக்குள் புதையக் கூடாது, பூக்கத் தாமதமாகும். கிழங்கு வாங்கும்போது அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருக்க வேண்டும், ஒரு முளைக்கண்ணாவது தெரிய வேண்டும். மாவுப்பூச்சி ஒட்டியிருந்தால் வேறு கேளுங்கள்.